கணிப்பொறியின் தொடுவானம்

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலகச் சதுரங்கப் பட்டத்துக்கான பதினான்காவது ஆட்டம். சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயது குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் ஆளுக்கு ஒரு யானை, ஒரு மந்திரி, சில சிப்பாய்கள் என்ற அளவுக்கு வந்துவிட்டார்கள். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், அவ்வளவுதான். ஆட்டம் சமனில் முடியும் என்றே பலரும் நினைத்தனர். கணிப்பொறி காட்டிய எண்ணும் சமநிலையை ஒட்டியே இருந்தது. 55ஆவது நகர்த்தலில் டிங் தம் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். யானைகள் இரண்டும் வெட்டுப்பட்டன. டிங்கின் மந்திரி ஏ8 மூலையில் அகப்பட்டுக் கிடந்தது. அதையும் குகேஷ் தம் மந்திரியைக் கொடுத்து மாற்றிக்கொண்டார். ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் எஞ்சியபோது அந்த ஒரு கூடுதல் சிப்பாய் உலகப் பட்டத்தையே வாங்கித் தந்தது!

கணிப்பொறி பொய் சொல்லிவிட்டதா? இல்லை. இருவரும் பிழையின்றி ஆடினால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அந்தப் பாதை எவ்வளவு ஒடுக்கமானது, களைத்துப்போன மனிதன் அதில் கால் தவறுவானா என்பது அதன் கணக்கில் சேராது. ஆனால் வேறு சில நிலைகளில் அந்த எண் உண்மையாகவே தவறிவிடுகிறது. அதுவும் பெரும்பாலும் ஆட்டத்தின் முடிவுப் பகுதியில்! காய்கள் குறையக் குறையக் கணக்கு எளிதாக வேண்டும் அல்லவா?

ஒரு சதுரங்கப் பலகையை எடுத்து வையுங்கள். வெள்ளையின் பக்கமிருந்து பார்க்கும்போது நெடுவரிசைகள் இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை. கிடைவரிசைகள் கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை. கறுப்பு ராஜாவை எச்8 மூலையில் தனியாக நிறுத்துங்கள். வெள்ளை ராஜாவை ஜி5-இலும், வெள்ளைச் சிப்பாயை எச்5-இலும், வெள்ளை மந்திரியை (சிலர் பிஷப் என்பார்கள்) ஈ4-இலும் வையுங்கள்.

சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று மதிப்பிடுவது பழைய வழக்கம். தொடக்ககால நிரல்களும் ஏறத்தாழ இப்படித்தான் கூட்டின. இந்தக் கணக்குப்படி வெள்ளைக்கு 4, கறுப்புக்குச் சுழி. வெற்றி உறுதி என்றுதானே தோன்றுகிறது? நண்பனைக் கறுப்பாக வைத்து ஆடிப் பாருங்கள். எத்தனை நாள் ஆடினாலும் நீங்கள் வெல்ல முடியாது. உங்கள் மந்திரி வெள்ளைக் கட்டங்களில் மட்டுமே போகும். எச்8 கறுப்புக் கட்டம். அந்த மூலையில் நிற்கும் ராஜாவுக்கு உங்கள் மந்திரியால் 'செக்' கொடுக்கவே முடியாது. ராஜாவையும் சிப்பாயையும் கொண்டுபோய் நெருக்கினால் ஸ்டேல்மேட் ஆகி ஆட்டம் சமனாகிவிடும்.

'முன்னோக்கிப் பார்த்தால் கணிப்பொறிக்கு இது தெரிந்துவிடாதா?' என்று கேட்பீர்கள். பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் எவ்வளவு தூரம்?

கோவையிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில் எங்கள் கிணத்துக்கடவு இருக்கிறது. இங்கே பொன்மலை வேலாயுதசாமி கோயில் குன்றின் மேல் இருப்பதால், படியேறினால் கீழே தெரியாத தோட்டங்களெல்லாம் தெரியும். சமவெளியில் நிற்கும் சிறுவனின் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், புவியின் வளைவினால் அவனுடைய தொடுவானம் சுமார் 4.4 கிலோமீட்டரில் முடிந்துவிடும். அவனை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் அது 36 கிலோமீட்டராகும். உயரம் 67 மடங்கு கூடியும் பார்வை எட்டு மடங்குதான் கூடியது. உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே தொடுவானம் விரிகிறது என்பதே காரணம்.

சதுரங்கத்தில் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு நிலையிலும் சராசரியாக 30 நகர்த்தல்கள் உண்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நகர்த்தல்களுக்கு 900 வழிகள், நான்குக்கு 8,10,000, ஆறுக்கு 72 கோடியே 90 லட்சம்! பயனற்ற கிளைகளை வெட்டி எறியும் உத்திகள் உள்ளன. ஆயினும் எங்கோ ஓரிடத்தில் நின்று, அதுவரை பார்த்ததை வைத்து எண் போட வேண்டியிருக்கிறது. அதற்கு அப்பால் நடப்பது அதன் கண்ணுக்கு இல்லவே இல்லை.

இக்குறைக்குத் 'தொடுவான விளைவு' என்று 1973-இல் பெயரிட்டவர் அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் ஹான்ஸ் பெர்லினர். தபால்வழிச் சதுரங்கத்தில் அவர் உலக சாம்பியனாகவும் இருந்தவர். ஒரு மந்திரியை எப்படியும் இழக்கப் போகிறது நிரல். இடையில் ஒரு சிப்பாயைப் பலி கொடுத்தால் அந்த இழப்பு நான்கு நகர்த்தல் தள்ளிப்போகும். தள்ளிப்போனது தொடுவானத்துக்கு அப்பால் மறைந்துவிட்டதால், மந்திரி தப்பியது என்று நிரல் முடிவு கட்டிவிடும்! வட்டி கட்டித் தவணையைத் தள்ளி வைத்துவிட்டுக் கடனே இல்லை என்று மகிழ்பவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆட்டத்தின் நடுப்பகுதியில் இந்தக் கிட்டப்பார்வை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. அங்கே அடிதடி நான்கைந்து நகர்த்தலில் தீர்ந்துவிடும். முடிவுப் பகுதியிலோ ராஜா பலகையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நடந்தே போக வேண்டும். பலன் இருபது, முப்பது நகர்த்தலுக்கு அப்பால் இருக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. நேரத்தை மிச்சப்படுத்த, 'என் முறையை நான் சும்மா விட்டுவிட்டாலும் என் நிலை நன்றாகவே இருந்தால், மேலே ஆராய வேண்டாம்' என்று பல நிரல்கள் முடிவு செய்கின்றன. காய்கள் நிறைந்த பலகையில் இது சரி. ஆனால் முடிவுப் பகுதியில், நகர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தினாலேயே தோற்கும் நிலைகள் உண்டு. அங்கே இந்தக் குறுக்குவழி நிரலைப் பள்ளத்தில் தள்ளிவிடும்.

இதற்கு ஒரு மாற்று கண்டார்கள். முன்னோக்கிப் போவதை விட்டு, 'மேட்' ஆன நிலைகளிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி நடந்து, எல்லா நிலைகளுக்கும் முடிவை எழுதி வைத்துவிடுவது. அமெரிக்கரான கென் தாம்சன் 1970களில் ராணிக்கு எதிராக யானை என்ற ஆட்டத்துக்கு இத்தகைய அட்டவணை தயாரித்தார். 2012-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் 'லோமொனோசொவ்' மீக்கணிப்பொறியில் ஏழு காய்கள் வரையிலான அட்டவணை உருவாயிற்று. அதில் அடங்கிய நிலைகள் சுமார் 424 லட்சம் கோடி! இத்தகைய அட்டவணையோடு இணைந்த நிரலிடம் நீங்கள் முதலில் வைத்த நிலையைக் காட்டினால், ஆட்டம் சமன் என்று அக்கணமே சொல்லிவிடும்.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? ஏழுக்கு மேல் காய்கள் இருந்தால்?

இங்கிலாந்தின் பௌதிக அறிஞர் ரோஜர் பென்ரோஸ் 2020-இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் 2017-இல் ஒரு விசித்திரமான நிலையை உலகுக்கு வெளியிட்டார். பொறுமையாகப் பலகையில் வையுங்கள்.

வெள்ளை: ராஜா ஈ2, சிப்பாய்கள் ஏ2, பி3, சி4, சி6.

கறுப்பு: ராஜா ஏ6, ராணி ஏ5, யானைகள் பி5, ஏ4, மந்திரிகள் ஈ5, எஃப்4, ஜி3, சிப்பாய்கள் ஏ7, பி6, சி5, பி4, ஏ3.

மொத்தம் 17 காய்கள், அட்டவணை எட்டாது. புள்ளி கூட்டினால் கறுப்புக்கு 33, வெள்ளைக்கு வெறும் 4. அன்றைய நிரல்கள் கறுப்புக்கு மாபெரும் ஆதாயம் காட்டின. நீங்கள் ஒவ்வொரு காயாக ஆராயுங்கள். கறுப்பு ராணி, இரண்டு யானைகள், ராஜா, சிப்பாய்கள் எல்லாமே இடது ஓரத்தில் பூட்டிக் கிடக்கின்றன. நடமாடக்கூடியவை மூன்று மந்திரிகள் மட்டும். மூன்றும் கறுப்புக் கட்டத்து மந்திரிகள்! வெள்ளையின் நான்கு சிப்பாய்களும் வெள்ளைக் கட்டங்களில் நிற்கின்றன. வெள்ளை ராஜாவும் வெள்ளைக் கட்டங்களிலேயே உலாவினால் அதை யாராலும் தொட முடியாது. ஆட்டம் சமன்.

மனித அறிவு வெறும் கணக்கீடு அன்று என்பது பென்ரோஸின் நெடுநாளைய வாதம். இந்த ஒரு நிலையை வைத்து அவ்வளவு தூரம் போக எனக்குத் துணிவில்லை. எனக்கு இதில் தெரிவது நம் பாடப்புத்தகத்து விஷயம்தான். சரிவில் உருளும் பந்தின் வேகத்தை நொடிக்கு நொடி கணக்கிட்டுக்கொண்டே போகலாம். ஆற்றல் அழிவின்மை விதியைக் கொண்டு ஒரே வரியிலும் சொல்லிவிடலாம். மந்திரி எத்தனை முறை நகர்ந்தாலும் அதன் கட்டத்தின் நிறம் மாறுவதில்லை. மாறாத அந்த ஒன்றைப் பார்த்தவன் ஐந்நூறு நகர்த்தலுக்கு அப்பாலும் பார்த்துவிட்டான். நிரலோ ஒவ்வொரு நகர்த்தலாக எண்ணிக்கொண்டே போகிறது.

வீட்டில் கைபேசிச் சதுரங்கம் இருந்தால் இந்த நிலையை அதில் அமைத்து, அது போடும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வெள்ளையை நீங்கள் ஆடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: சி4 சிப்பாயால் பி5 யானையை வெட்டலாம், ஆசையாகத்தான் இருக்கும். வெட்டினீர்களோ, பூட்டு திறந்துவிடும்!