கடமையில் உயிர் நீத்தவரின் குடும்பத்துக்கு



ஸ்ரீ கெம்பாங்கானில் வாழ்வோருக்குப் பழைய ஈயக் குட்டைகள் புதியன அல்ல. அருகிலுள்ள பூச்சோங் வட்டாரத்தில், தாமான் புத்ரா பெர்டானாவில் இருந்த அத்தகைய குட்டை ஒன்றில், 2018 அக்டோபர் 3ஆம் நாள் இரவு பெருந்துயரம் நிகழ்ந்தது. 17 வயதுப் பையன் ஒருவனைத் தேடி நீரில் இறங்கிய தீயணைப்பு மீட்புப் படையினர் 6 பேர் மாண்டனர். நாடே கலங்கியது. ஆனால், கண்ணீர் காய்ந்த பின்னர் இத்தகைய வீடுகளில் அடுப்பு எரிவது எப்படி? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

போலீஸ்காரரும் தீயணைப்பு வீரரும் அரசாங்க ஊழியரே. ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளவர்களுக்கு 1980ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் பொருந்தும். நம் பெரியவர்கள் உபகாரச் சம்பளம் என்று சொன்னது இதைத்தான்.

கணக்கு எளிது. கடைசிச் சம்பளத்தைச் சேவை செய்த மாதங்களால் பெருக்கி, 600ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் 3,000 ரிங்கிட், சேவை 20 ஆண்டு, அதாவது 240 மாதம் என்றால், மாத ஓய்வூதியம் 1,200 ரிங்கிட். எவ்வளவு காலம் உழைத்தாலும் சம்பளத்தில் 60 விழுக்காட்டுக்கு மேல் போகாது.

ஊழியர் இறந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைப்பது ‘பென்சென் தெர்பித்தான்’. கடமையின்போது நேர்ந்த காயத்தால் இறந்தால், இதற்கு மேலாக ‘பென்சென் தங்கோங்கான்’ என்ற இன்னொரு தொகையும் உண்டு. அவரையே நம்பியிருந்த பெற்றோரையும் சட்டம் மறக்கவில்லை. ஆகவே, கடமையில் நேர்ந்த மரணம் என்பது பத்திரங்களில் தெளிவாகப் பதிவாக வேண்டும். போலீஸ் புகார், மருத்துவ அறிக்கை, இலாகா அறிக்கை ஆகியவற்றின் நகல்களைப் பத்திரமாக வையுங்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் படித்த ஒரு பையனின் தகப்பனார் போலீஸ்காரர். பணியில் இருக்கும்போதே காலமானார். கோயிலில் தாலி கட்டிய திருமணம், பதிவு செய்யவில்லை. தாம் மனைவி என்று காட்ட ஒரு காகிதம் இல்லாமல் அந்த அம்மாள் பல மாதம் அலைந்தார். பையனோ பள்ளிக்கு வருவதையே குறைத்துக்கொண்டான். முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. தாலி ஊரறியக் கட்டப்பட்டாலும், அலுவலகம் கேட்பது பத்திரத்தையே.

இன்னொன்று. ஊழியர் சேமநிதித் திட்டத்தில் உள்ளவருக்கு வழி வேறு. அவர் தம் வாரிசின் பெயரை முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும். திருமணத்துக்கு முன் தாயாரின் பெயரை எழுதியவர், மணமான பின் அதை மறு ஆய்வு செய்தல் நலம்.

நேயர்களே, இன்றிரவே திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், நியமனக் கடிதம் மூன்றையும் ஓர் உறையில் போட்டு, அது இருக்குமிடத்தை வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள். சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் அல்ல. நம் பிள்ளைகளின் படிப்பைக் காக்கும் காரியம்.