உயிரின் தோற்றமும் ஆன்மாவும்

உயிரின் தோற்றம் என்பது, உயிரற்ற பொருள்களிலிருந்து முதல் உயிரினம் எவ்வாறு உண்டானது என்னும் வினாவைக் குறிக்கும். ஆன்மா என்பது, உடலிலிருந்து வேறானதாகவும் உடலுக்கு உயிர்ப்பையும் உணர்வையும் அளிப்பதாகவும் பல சமயங்கள் கூறும் ஒன்றாகும். இவை இரண்டும் நெடுங்காலம் ஒரே வினாவாகவே கருதப்பட்டன. 17ஆம் நூற்றாண்டு முதல் நடந்த ஆய்வுகள் இவற்றைச் சிறிது சிறிதாகப் பிரித்தன. முதல் வினா இன்று வேதியியல், நிலவியல், உயிரியல் ஆகிய துறைகளின் ஆய்வுப் பொருளாக உள்ளது. இரண்டாவது வினா சமயத்துக்கும் மெய்யியலுக்கும் உரியதாக இருக்கிறது.

சொல்லும் பொருளும்

தமிழில் "உயிர்" என்னும் சொல் இரு பொருள்களையும் தாங்குகிறது. "செடிக்கும் உயிர் உண்டு" என்னும்போது அது வளர்தல், இனம்பெருக்கல் போன்ற இயல்புகளைக் குறிக்கிறது. "உயிர் பிரிந்தது" என்னும்போது உடலை விட்டுச் செல்லும் ஒன்றைக் குறிக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்துகிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டிலும் தாவரத்துக்கு ஊட்டமும் வளர்ச்சியும், விலங்குக்குக் கூடுதலாகப் புலனுணர்வும், மனிதனுக்கு மேலும் பகுத்தறிவும் உண்டு எனப் படிநிலைகளாக விளக்கினார்.

ஆன்மா பற்றிச் சமயங்கள் ஒரே கருத்தைக் கூறவில்லை. சைவ சித்தாந்தத்தின்படி பதி, பசு, பாசம் ஆகிய மூன்றும் தொடக்கமற்றவை. அங்கே உயிர் படைக்கப்படுவதில்லை. அதற்கு உடலே தரப்படுகிறது. கத்தோலிக்கத் திருச்சபை, ஒவ்வொரு மனித ஆன்மாவையும் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் எனக் கற்பிக்கிறது. சமணம் நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றிலும் உயிர்கள் உள்ளதாகக் கூறுகிறது. பௌத்தம் நிலையான ஆன்மா ஒன்று உண்டு என்பதையே ஏற்பதில்லை.

தானாகத் தோன்றும் உயிர்கள்

அழுகிய இறைச்சியில் புழுக்களும், சேற்றில் விலாங்கு மீன்களும் பெற்றோர் இன்றித் தாமாகவே தோன்றுகின்றன என்பது பழங்கால ஐரோப்பியரின் நம்பிக்கை. அரிஸ்டாட்டில் இதை ஏற்றார். புனித அகுஸ்தீன் உள்ளிட்ட கிறித்தவ அறிஞர்களும் இதைத் தம் நம்பிக்கைக்கு எதிரானதாகக் கருதவில்லை. மண்ணுக்கும் நீருக்கும் அந்த ஆற்றலைக் கொடுத்தவர் கடவுளே என்று அவர்கள் கொண்டனர்.

1668இல் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். சில பாத்திரங்களில் இறைச்சியைத் திறந்து வைத்தார். சிலவற்றை மெல்லிய துணியால் மூடினார். ஈக்கள் அமர முடிந்த இறைச்சியில் மட்டுமே புழுக்கள் உண்டாயின. ஆனால் நுண்ணோக்கி வழியே நுண்ணுயிர்கள் காணப்பட்டதும் வாதம் மீண்டும் எழுந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஜான் நீடம், காய்ச்சி மூடிய இறைச்சிச் சாற்றில் நுண்ணுயிர்கள் தோன்றுவதாகக் கூறினார். லாசரோ ஸ்பல்லன்சானி, நீண்ட நேரம் கொதிக்கவைத்து முற்றிலும் அடைத்தால் அவை தோன்றுவதில்லை எனக் காட்டினார். இவ்விருவருமே கத்தோலிக்கக் குருமார்கள்.

பாஸ்டரும் பூஷேயும்

இவ்வாதத்தின் மிகக் கடுமையான கட்டம் 1860களில் பிரான்சில் நடந்தது. ரூவான் நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியக இயக்குநர் பெலிக்ஸ் பூஷே, உயிர் தானாகத் தோன்றுகிறது என்று 1859இல் ஒரு நூல் எழுதினார். லூயி பாஸ்டர் அதை மறுத்தார். அன்னத்தின் கழுத்துப்போல வளைந்த குழாய் கொண்ட குடுவைகளில் அவர் ஊட்டநீரைக் கொதிக்கவைத்தார். காற்று உள்ளே செல்ல வழி இருந்தது. தூசும் அதில் ஒட்டிய கிருமிகளும் வளைவிலேயே தங்கிவிட்டன. நீர் தெளிவாகவே இருந்தது. கழுத்தை உடைத்தால் சில நாள்களில் கலங்கியது. 1860இல் ஆல்ப்ஸ் மலையின் பனியாற்றுப் பகுதியில் அவர் 20 குடுவைகளைத் திறந்து மூடினார். அவற்றுள் ஒன்றே கெட்டது. 1862இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இந்த வாதம் ஆய்வகத்தோடு நிற்கவில்லை. டார்வினின் நூல் 1862இல் பிரெஞ்சில் வந்தபோது, மொழிபெயர்ப்பாளர் கிளெமாங்ஸ் ருவாயே அதற்குத் திருச்சபையைச் சாடும் முன்னுரை ஒன்றை எழுதியிருந்தார். 1864இல் சோர்போன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், பொருள் தானே உயிராக மாறும் என்றால் படைத்தவன் தேவையற்றவன் ஆகிவிடுவான் என்ற கருத்தைப் பாஸ்டரே சுட்டிக்காட்டினார். முன்பு சமய அறிஞர்கள் இயல்பாக ஏற்ற கருத்து, இப்போது கடவுள் மறுப்பின் அடையாளமாகிவிட்டது. அதே வேளையில் பூஷேயும் இறைநம்பிக்கை உள்ளவரே. தானாகத் தோன்றலும் கடவுளின் திட்டமே என்று அவர் வாதிட்டார்.

1863இல் பூஷேயும் அவர் தோழர்களும் பைரனீஸ் மலையில் தம் குடுவைகளைத் திறந்தபோது அவை அனைத்தும் கலங்கின. அவர்கள் பயன்படுத்தியது வைக்கோல் ஊறிய நீர். பாஸ்டர் பயன்படுத்தியது ஈஸ்ட் கலந்த நீர். வைக்கோலில் வாழும் ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநிலையையும் தாங்கும் என்பது 1870களில் பெர்டினாண்ட் கோன், ஜான் டிண்டால் ஆகியோரின் ஆய்வுகளால் தெளிவாயிற்று. ஆகவே பூஷேயின் குடுவைகளில் இருந்தவை புதிதாகத் தோன்றிய உயிர்கள் அல்ல, சாகாமல் எஞ்சிய பழைய உயிர்களே. பாஸ்டரின் முடிவு சரியானது. ஆனால் அது அன்றாடம் உயிர் தானாகத் தோன்றுவதில்லை என்பதையே காட்டியது. பூமியில் முதல் உயிர் எவ்வாறு வந்தது என்னும் வினாவை அது தொடவில்லை.

உயிர்விசைக் கோட்பாடு

உயிருள்ளவற்றில் வேதியியலுக்கு அப்பாற்பட்ட ஒரு விசை இயங்குகிறது என்பது உயிர்விசைக் கோட்பாடு. 1828இல் பிரெடரிக் வோலர், சிறுநீரில் காணப்படும் யூரியாவை உயிரற்ற வேதிப்பொருள்களிலிருந்து உருவாக்கினார். இக்கோட்பாடு அன்றே வீழ்ந்தது எனப் பாடநூல்கள் கூறுவது மிகை. அது பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. 1891இல் ஹான்ஸ் டிரீஷ், கடல் முள்ளெலியின் இருசெல் கருவைப் பிரித்தபோது ஒவ்வொரு செல்லும் முழு இளவுயிரியாக வளர்ந்தது. எந்த எந்திரத்தையும் இரண்டாகப் பிளந்தால் இரு முழு எந்திரங்கள் கிடைக்காது என்பதால், அங்கே பொருள் அல்லாத ஓர் ஆற்றல் இருப்பதாக அவர் பின்னர் முடிவு செய்தார். ஒவ்வொரு செல்லிலும் முழு மரபுத்தொகுதி உள்ளது என்பதும், செல்கள் தமக்குள் குறிப்புகளைப் பரிமாறுகின்றன என்பதும் பிற்பாடு அறியப்பட்டபோது அந்தத் தேவை மறைந்தது.

முதல் உயிர் பற்றிய ஆய்வுகள்

சோவியத் அறிவியலாளர் ஓபாரின் 1924இலும், பிரித்தானியரான ஹால்டேன் 1929இலும், தொடக்ககாலப் பூமியில் எளிய வேதிப்பொருள்கள் படிப்படியாகச் சிக்கலாகி உயிருக்கு வழிவகுத்தன என்னும் கருத்தைத் தனித்தனியே முன்வைத்தனர். 1953இல் ஸ்டான்லி மில்லர், ஹரால்டு யூரியின் ஆய்வகத்தில் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றின் ஊடே மின்பொறி பாய்ச்சினார். ஒரு வாரத்தில் கிளைசின் போன்ற அமினோ அமிலங்கள் கிடைத்தன. 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லிலும் அமினோ அமிலங்கள் கண்டறியப்பட்டன.

தொடக்ககால வளிமண்டலம் மில்லரின் கலவையைப் போன்றதன்று என இன்று பலர் கருதுகின்றனர். மேலும், அமினோ அமிலம் உயிர் ஆகாது. செங்கல் கிடைத்தது வீடு கட்டியதாகாது. மரபுத் தகவலைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. மூலக்கூறு வேதிவினைகளையும் ஊக்குவிக்கும் எனக் கண்டறிந்த தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் ஆகியோர் 1989இல் நோபல் பரிசு பெற்றனர். அதனால் முதலில் ஆர்.என்.ஏ. சார்ந்த உயிர் இருந்திருக்கலாம் என்னும் கருதுகோள் வலுப்பெற்றது. 2010இல் கிரெய்க் வெண்டர் குழுவினர் செயற்கை மரபுத்தொகுதி ஒன்றைப் பாக்டீரியா செல்லில் செலுத்தி இயக்கினர். ஆனால் அந்தச் செல் ஏற்கெனவே உயிருடன் இருந்தது. உயிரற்றவற்றிலிருந்து முழு உயிரினம் ஒன்றை எவரும் இதுவரை ஆக்கவில்லை.

ஆன்மாவை எடைபோடும் முயற்சி

அமெரிக்க மருத்துவர் டங்கன் மக்டூகல், இறக்கும் தறுவாயில் இருந்த 6 நோயாளிகளைக் கட்டிலோடு எடைபோட்டு, 1907இல் முடிவுகளை வெளியிட்டார். ஆன்மாவின் எடை 21 கிராம் என்னும் பேச்சு இதிலிருந்து பிறந்தது. அந்த அளவு முதல் நோயாளியிடம் மட்டுமே காணப்பட்டது. இரு அளவீடுகளை அவரே கைவிட்டார். மற்றவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இறப்பின் சரியான நொடியை அறியவும் அன்று வழி இல்லை. ஆன்மா பொருள் அல்ல என்னும் சமயங்களின் கூற்றை ஏற்றால் அதற்கு எடை இருக்க முடியாது. எனவே இச்சோதனை அறிவியலாகவும் நிற்கவில்லை, சமயத்துக்கும் சான்றாகவில்லை.

இறப்பின் வரையறை

இவ்விரு வினாக்களையும் பிரித்தறிவது மருத்துவமனையில் நடைமுறைத் தேவையாகிறது. மூளைத்தண்டு செயலிழந்தவர் தாமாக மூச்சுவிட மாட்டார். ஆயினும் செயற்கைச் சுவாசக் கருவி இயங்கும்வரை இதயம் சில காலம் துடிக்கும், உடல் வெதுவெதுப்பாக இருக்கும். "உயிர் இன்னும் போகவில்லையே" எனக் குடும்பத்தினர் நினைப்பது இயல்பு. இந்தியாவின் 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை இறப்பாக ஏற்கிறது. உறுப்புக் கொடைக்கு, 4 மருத்துவர் கொண்ட குழு குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும்.

2000ஆம் ஆண்டில் உறுப்பு மாற்று மருத்துவர்களிடையே உரையாற்றிய திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், ஆன்மா பிரியும் கணத்தை எந்தக் கருவியாலும் நேரடியாக அறிய முடியாது என்றும், உடல் காட்டும் உறுதியான அறிகுறிகளையே மருத்துவம் கண்டறிகிறது என்றும் கருத்துரைத்தார். மூளை முழுவதும் மீளாதபடி செயலிழந்ததை அத்தகைய அறிகுறியாக ஏற்பதில் அவர் தடை காணவில்லை. இதன்படி, மருத்துவர் தரும் சான்று உடல் மீளாது என்பதைச் சொல்கிறது. ஆன்மாவின் நிலை பற்றி அது எதையும் சொல்வதில்லை. கொடைக்கு இசைவதா என முடிவெடுக்கும் குடும்பம், அதற்காகத் தன் சமய நம்பிக்கையைக் கைவிட வேண்டியதில்லை.