செர்பூருக்கு அறுபது மைல்

இங்கிலாந்தின் தென்கரையில், சோலன்ட் நீரிணையில் பாய்ப்படகு ஓட்டப் பழகியவர்கள் ஓரிரு கோடைகள் போனதும் டீக்கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது ஒன்றுதான்: "அப்படியே பிரான்சுக்குப் போய் வரலாமா?" அவர்கள் மனத்தில் இருக்கும் ஊர் பெரும்பாலும் செர்பூர். வைட் தீவின் மேற்கு முனையில் நீடில்ஸ் பாறைகள் இருக்கின்றன. அங்கிருந்து கிட்டத்தட்ட நேர் தெற்கே 60 கடல் மைல். 5 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 5 கடல் மைல் போகும் சாதாரண முப்பதடிப் படகுக்குப் பன்னிரண்டு மணி நேரம். சனிக்கிழமை விடியலில் கிளம்பி, ஞாயிறு அங்கே இருந்துவிட்டு, திங்கள் திரும்பலாம் என்று கணக்கு எளிதாகத்தான் வருகிறது.

தாராளமாகப் போகலாம். ஆனால் இதில் இரண்டு வகை வேலை இருக்கிறது. காகித வேலையை வாரக்கணக்கில் முன்பே முடிக்கலாம். காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிக் கடைசி நாள்வரை முடிவு சொல்ல முடியாது. முதலாவதை முன்பே முடித்தவருக்குத்தான் இரண்டாவதில் கவனம் முழுதாக நிற்கும். கிளம்பும் நாள் காலையில் காப்பீட்டுத் தாளைத் தேடிக்கொண்டிருப்பவர் வானிலையை அரைகுறையாகத்தான் படிப்பார். அதனால் காகிதத்திலிருந்தே தொடங்குவோம்.

முதலில் ஆட்கள். 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களும் ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதிக்கு வெளியார்தான். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள்தான் தங்கலாம். உள்ளே நுழையும் நாளில் பாஸ்போர்ட் வழங்கப்பட்டுப் பத்து ஆண்டு ஆகியிருக்கக் கூடாது. திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும். நம்மவர்கள் பலர் இங்கிலாந்தில் நிரந்தரமாகக் குடியிருந்தாலும் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டையே வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பிரிட்டனில் வாழும் உரிமை பிரான்சின் கரையில் இறங்கும் உரிமையைத் தந்துவிடாது.

விசா கேட்கும்போதே பலமுறை நுழையும் அனுமதியாகக் கேளுங்கள். செர்பூருக்குப் பக்கத்தில் ஆல்டர்னி என்று ஓர் அழகான சிறு தீவு உண்டு. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, அதையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும். அது ஷெங்கனுக்கு வெளியே இருக்கிறது. செர்பூரிலிருந்து ஆல்டர்னிக்குப் போய் மறுபடி செர்பூருக்கு வந்தால் அது இரண்டாவது நுழைவு. ஒருமுறை மட்டும் நுழையும் விசா அங்கே முடிந்துபோகும்.

அடுத்து படகு. பதிவுச் சான்றிதழ், காப்பீடு, வாட் வரி கட்டியதற்கான ஆதாரம், விஎச்எஃப் ரேடியோ உரிமம், அந்த ரேடியோவை இயக்கத் தகுதி பெற்றவரின் சான்றிதழ் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். மூலப் பிரதிகளையே எடுத்துப் போங்கள். பிரிட்டனில் வாழ்பவர்கள் தங்கள் படகைச் சிறு கப்பல் பதிவேட்டில் பதிந்துகொள்ளலாம். ஐந்து ஆண்டு செல்லும். காப்பீட்டுத் தாளில் எந்தக் கடல் எல்லைவரை என்று ஒரு வரி இருக்கும், அதை விரல் வைத்துப் படியுங்கள். வாடகைப் படகு என்றால் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். சொந்தச் சிறு படகை ஓட்ட பிரிட்டனில் உரிமம் கட்டாயமில்லை. ஆனால் ஐசிசி என்ற சர்வதேசத் தகுதிச் சான்றிதழ் கையில் இருந்தால் வெளிநாட்டில் கேட்பவர்களுக்குப் பதில் சுலபம்.

பிறகு தகவல் சொல்லும் கடமை. பிரிட்டனை விட்டுக் கிளம்புமுன் உல்லாசப் படகு அறிக்கையை இணையத்தில் பதிய வேண்டும்: படகு எது, யார் யார் போகிறீர்கள், எங்கே, எப்போது. புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு மேல் முன்னதாகவும் கூடாது, 2 மணி நேரத்துக்குக் குறைவாகவும் கூடாது. திரும்பி வரும்போதும் பிரான்சை விட்டுக் கிளம்புமுன் இதே வேலை உண்டு. பிரெஞ்சுப் பக்கம், எல்லைச் சோதனை நடக்கும் துறைமுகத்தில்தான் முதலில் நுழைய வேண்டும். செர்பூர் அப்படிப்பட்ட துறைமுகம். எந்தப் படிவம், எத்தனை மணி நேரம் முன்னால் என்பதை அங்கேயுள்ள மரினாவுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். இந்த நடைமுறைகள் மாறிக்கொண்டிருப்பவை. போன வருடம் போனவர் சொன்னதை வைத்து இந்த வருடம் போகாதீர்கள்.

கொடிகளையும் இப்போதே எடுத்து வையுங்கள். பின்புறத்தில் பிரிட்டனின் சிவப்புக் கொடி. பிரெஞ்சுக் கடலில் வலப்புறப் பாய்மரக் கயிற்றில் பிரெஞ்சு மூவர்ணம், மரியாதைக்காக. திரும்பும்போது பிரிட்டிஷ் கடல் எல்லைக்குள், அதாவது கரையிலிருந்து 12 மைலுக்குள், வந்தவுடன் 'க்யூ' எனப்படும் மஞ்சள் கொடியை ஏற்ற வேண்டும். சுங்கத்துக்குச் சொல்லும் அடையாளம் அது. சாப்பாட்டிலும் ஒரு சட்டம் இருக்கிறது. பிரிட்டனிலிருந்து இறைச்சியையும் பால் பொருள்களையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. 2025 ஏப்ரலிலிருந்து அங்கிருந்து இங்கே கொண்டுவரவும் தடை. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எந்த எல்லையிலும் தொல்லை தராது.

இனி கடல். இந்தப் பயணத்தின் அழகான கணக்கு இங்கேதான் இருக்கிறது. ஆங்கிலக் கால்வாயில் நீர் சும்மா நிற்பதில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரம் கிழக்கே ஓடும். அப்புறம் திரும்பி ஆறு மணி நேரம் மேற்கே ஓடும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில், அதாவது பெரிய ஓத நாள்களில், வேகம் அதிகம். அஷ்டமியை ஒட்டிக் குறையும். நீங்கள் போவதோ தெற்கே. அதனால் வழி முழுக்க நீர் உங்களைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும்.

புதியவர்கள் ஜிபிஎஸ் திரையில் ஒரு நேர்க்கோடு போட்டு, படகை அந்தக் கோட்டின் மேலேயே பிடித்து வைக்கப் பார்ப்பார்கள். அது எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று பாருங்கள். படகு 5 நாட், பக்கவாட்டு ஓட்டம் 3 நாட் என்று வைத்துக்கொள்வோம். கோட்டை விடாமல் போக வேண்டுமானால் படகின் முகத்தை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்ப வேண்டும். பள்ளியில் படித்த 3, 4, 5 முக்கோணம்தான். தெற்கு நோக்கிய முன்னேற்றம் 4 நாட்டாகக் குறைந்துவிடும். ஒவ்வொரு மணி நேரத்திலும் ஒரு மைல் வீண். அந்த உழைப்பில் பாதி, ஆறு மணி நேரம் கழித்து நீர் தானாகத் திருப்பிக் கொடுக்கப்போகிற தூரத்துக்காகச் செய்தது.

அனுபவசாலிகள் செய்வது வேறு. ஓடும் ரயிலில் இந்த ஜன்னலிலிருந்து எதிர் ஜன்னலுக்குப் போகிறவர் ரயிலின் வேகத்தை எதிர்த்து நடப்பதில்லை, பெட்டிக்குள் நேராக நடக்கிறார். அதுபோல அவர்கள் ஒரே திசைகாட்டி எண்ணைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். முதல் பாதியில் படகு கிழக்கே பல மைல் விலகும். அடுத்த பாதியில் மேற்கே திரும்பி வரும். வரைபடத்தில் பாதை ஒரு வளைவாகத் தெரியும், ஆனால் நீருக்குள் படகு போனது நேர்க்கோட்டில். பன்னிரண்டு மணி நேரப் பயணம் ஏறத்தாழ ஒரு முழு ஓதச் சுற்று என்பதால் தள்ளல்கள் பெரும்பகுதி தாமே கழிந்துபோகும்.

மீதம் எவ்வளவு என்பதைக் கரையிலேயே கணக்கிடலாம். நீரோட்ட அட்லஸை எடுத்து, பன்னிரண்டு மணி நேரத்துக்கும் ஒவ்வொன்றாக, அந்த மணியில் படகு எங்கே இருக்கும், அங்கே ஓட்டம் எந்தப் பக்கம், எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். உதாரணமாக, கிழக்கே மொத்தம் 11 மைல், மேற்கே 8 மைல் என்று வந்தால் மீதம் கிழக்கே 3 மைல். இந்த வழியில் இன்னொரு வசதி இருக்கிறது. 60 மைல் தூரத்தில் ஒரு மைல் விலகல் என்பது கிட்டத்தட்ட ஒரு பாகை. ஆகவே படகின் முகத்தை 3 பாகை மேற்கே திருப்பினால் போதும். நாள் முழுதுக்கும் அந்த ஒரே திருத்தம். அதன் பிறகு மணிக்கொருமுறை இருக்கும் இடத்தைக் குறித்து, எழுதிவைத்த வளைவோடு ஒப்பிட்டுக்கொண்டே வாருங்கள். வித்தியாசம் வளர்ந்தால் மட்டும் கணக்கைத் திருத்துங்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கடிகாரம். பிரிட்டிஷ் ஓத அட்டவணை பெரும்பாலும் கிரீன்விச் நேரத்தில் இருக்கும், கோடையில் ஒரு மணி கூட்ட வேண்டும். பிரெஞ்சுக் கடிகாரம் அதற்கும் ஒரு மணி முன்னால். தாளின் தலைப்பில் எந்த நேரம் என்று எழுதி, பயணம் முடியும்வரை அதையே பின்பற்றுங்கள். இரண்டு, கடைசி மணி நேரம். பிரெஞ்சுக் கரையை ஒட்டி ஓட்டம் வலுவாக இருக்கும். ஓட்டம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகச் சற்றுத் தள்ளிப் போய்ச் சேருங்கள், அது உங்களைத் துறைமுக வாயிலுக்குக் கொண்டுவந்து விடும். தவறி மறுபக்கம் போனால், 3 நாட் எதிரோட்டத்தில் 5 நாட் படகு 2 நாட்தான் நகரும். கண்ணுக்குத் தெரிகிற, 4 மைல் தள்ளியிருக்கும் வாயிலுக்கு வர இரண்டு மணி நேரம். மேற்கே இழுத்துக்கொண்டு போனால் அந்தப் பக்கம் ஆல்டர்னி ரேஸ். பெரிய ஓத நாள்களில் அங்கே நீர் 8 நாட்டையும் தாண்டி ஓடும்.

புறப்பாடும் நீரின் கையில்தான். ஹர்ஸ்ட் கோட்டையின் குறுகிய வாயில் வழியாக சோலன்ட் வடியும்போது பெரிய ஓத நாள்களில் 4 நாட் ஓட்டம் இருக்கும். கூடப் போனால் தூக்கிக்கொண்டு போய்விடும், எதிர்த்துப் போனால் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். அந்த வடிநீருக்கு எதிராகத் தென்மேற்குக் காற்று பலமாக வீசினால் நீடில்ஸ் வாயிலில் அலை சுவராக எழும்பும். அன்று அந்த வழி வேண்டாம்.

நடுக்கடலில் கப்பல்கள். மேற்கே காஸ்கெட்ஸ், கிழக்கே டோவர் என இரண்டு இடங்களிலும் கப்பல்களுக்கு வழித்தடங்கள் பிரித்திருக்கிறார்கள். இடையிலுள்ள உங்கள் பாதையில் தடக் கோடு இல்லை, ஆனால் கப்பல்கள் போவது அதே ஒழுங்கில்தான். இங்கிலாந்திலிருந்து தெற்கே போகும்போது முதலில் மேற்கே செல்லும் கப்பல்கள் உங்கள் இடப்பக்கத்திலிருந்து வரும். அவற்றைத் தாண்டியபின் கிழக்கே செல்பவை வலப்பக்கத்திலிருந்து வரும். 20 நாட் கப்பலுக்கு ஒரு மைல் மூன்று நிமிடம். அடிவானத்தில் புள்ளியாகத் தெரிந்தது அரை மணிக்குள் பக்கத்தில் நிற்கும்.

கைத்திசைகாட்டியைக் கண்ணோடு வைத்துக் கப்பலைப் பாருங்கள். 110 பாகை என்று காட்டுகிறது. மூன்று நிமிடம் கழித்து மறுபடி 110. இன்னும் மூன்று நிமிடம், அதே 110, கப்பல் மட்டும் பெரிதாகியிருக்கிறது. மோதலை நோக்கித்தான் போகிறீர்கள். பாய்ப்படகுக்கு இயந்திரக் கப்பல் வழிவிட வேண்டும் என்று விதி இருக்கலாம். ஆனால் கப்பலின் ஓட்டுமேடையிலிருந்து உங்களை யாரும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரமாக, அவர்கள் திரையில் தெளிவாகத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக, திசை மாற்றி அதன் பின்புறமாகப் போங்கள்.

வானிலைக்கு பிபிசி ரேடியோ 4-இன் கப்பல் வானிலை அறிக்கை இன்றும் நல்ல துணை. உங்கள் பகுதியின் பெயர் 'வைட்'. அதில் புயல் எச்சரிக்கையோடு வரும் சொற்களுக்கு அளவு உண்டு: 'இம்மினன்ட்' என்றால் ஆறு மணி நேரத்துக்குள், 'சூன்' என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு, 'லேட்டர்' என்றால் பன்னிரண்டுக்கு மேல். உங்கள் பயணமே பன்னிரண்டு மணி நேரம் என்பதால் 'லேட்டர்' என்பதும் உங்களுக்குச் சொல்லப்பட்டதுதான். முதல் பயணத்துக்கு மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ 16 நாட்டுக்கு மேற்படாத காற்று இருந்தால் போதும். திட்டத்தின் ஒரு பிரதியைக் கரையில் பொறுப்பான ஒருவரிடம் கொடுத்துவிட்டு, எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் கடலோரக் காவல்படையை அழைக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.

செர்பூர் முதல் பயணத்துக்குப் பொருத்தமான ஊர் என்பதற்கும் காரணம் இருக்கிறது. 1783-இல் கட்டத் தொடங்கிய, 4 கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த நீளமுள்ள அலைத்தடுப்பு அதன் முன்னே கிடக்கிறது. எந்த ஓதத்திலும், இரவிலும் பகலிலும் உள்ளே போகலாம். தாமதமானால் வாசல் மூடிவிடுமோ என்ற பதற்றம் இல்லை.

கடைசியாக, சிறு பயணத்தின் பெரிய ஆபத்து எது என்று கேட்டால் நாள்காட்டி என்பேன். செவ்வாய்க்கிழமை அலுவலகம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் போகக் கூடாத காற்றில் கிளம்புகிறார்கள். அதை உடைக்கும் வழி காகிதத்தில் இருக்கிறது. விசாவில் நாலு நாள் கூடுதலாகக் கேளுங்கள். விடுப்பிலும் இரண்டு நாள் கூட்டிப் போடுங்கள். காற்று திரும்பினால் படகை செர்பூர் மரினாவில் கட்டிவிட்டு, பூலுக்கோ போர்ட்ஸ்மத்துக்கோ போகும் ஃபெர்ரியில் வீடு திரும்பி, அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அந்த நாள்வரை செல்லும் பலமுறை நுழையும் விசாவும், படகு அங்கே நிற்கும் நாள்களுக்குச் செல்லும் காப்பீடும், மாறிய திட்டத்தை இரு நாட்டு அதிகாரிகளுக்கும் சொல்லும் ஒழுங்கும் வேண்டும். கிளம்புமுன்னரே காற்று சரியில்லை என்றால் பூல் விரிகுடாவுக்கோ வெய்மத்துக்கோ போய் வாருங்கள், பாஸ்போர்ட் பையிலேயே இருக்கட்டும். காகிதங்களைத் தாராளமாக, முன்கூட்டியே தயார் செய்வதன் முழுப் பலன் இதுதான்: படகில் ஏறிய பிறகும் "இன்று வேண்டாம்" என்று சொல்லும் சுதந்திரம் உங்கள் கையில் இருக்கும்.