கொட்டகையில் கிடந்த குட்டி ரதம்

தேனியிலிருந்து கம்பத்துக்குப் பிரயாணம் செய்யும் நேயர்கள் வழியில் சின்னமனூரைப் பார்த்திருப்பார்கள். முல்லையாற்றுத் தண்ணீர் பாயும் வயல்கள், வாழைத் தோட்டங்கள், பூலாநந்தீஸ்வரர் கோயில், கிழக்கே மேகமலைக்கு வளைந்து வளைந்து ஏறும் பாதை, இவைதாம் நம் ஊரின் செல்வங்கள். பாண்டியர் சரித்திரத்தை ஆராய்பவர்கள் சின்னமனூர்ச் செப்பேடுகளை மறக்க மாட்டார்கள். இத்தனை பெருமை வாய்ந்த ஊரில் நம் வீட்டுப் பின்கட்டுக் கொட்டகைக்கும் ஒரு சிறு பெருமை உண்டு என்பது போன கோடை விடுமுறையில்தான் நமக்குத் தெரியவந்தது.

அந்தக் கொட்டகையில் உர மூட்டைகளுக்கும், உடைந்த ஏர்க்கலப்பைக்கும், பழைய புளிச் சாக்குகளுக்கும் அடியில் ஒரு வண்டி கிடந்தது. வண்டி என்றால் கதவு, கூரை, கண்ணாடி எல்லாம் உள்ள மோட்டார் வண்டி அல்ல. இரும்புக் குழாய்களை வளைத்து ஒட்டிய ஒரு சட்டம். நான்கு சின்னஞ்சிறு சக்கரங்கள். தரையோடு தரையாக ஓர் ஆசனம். அதன் பின்னால் ஒரு ஸ்கூட்டர் யந்திரம். அவ்வளவுதான். 'கோ-கார்ட்' என்று பெயர். நம் இளைய சகோதரர் கோயமுத்தூரில் பொறியியல் படித்த காலத்தில், 1996-ஆம் வருஷம், சிநேகிதர்களோடு சேர்ந்து கட்டியது. படிப்பு முடிந்ததும் லாரியில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார். பிறகு அவர் அயல் நாட்டுக்கு உத்தியோகத்துக்குப் போய்விட்டார். "யந்திரம் கெட்டுப்போயிற்று" என்று மட்டும் சொல்லியிருந்தார். பழைய இரும்பு வாங்குகிறவர் எத்தனையோ முறை கேட்டும் நம் தாயார் கொடுக்கவில்லை. "சின்னவன் பண்ணினது, கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

நம் மகளுக்கு வயது பதினாறு. விடுமுறையில் பொழுது போகாமல் கொட்டகையைக் கிளறியவள் வண்டியைக் கண்டுவிட்டாள். "அப்பா, இதை ஓட வைத்தால் என்ன?" என்றாள். நாமும் யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டோம். அதன் பலனாக இரண்டு மாத காலம் நம் வேஷ்டிகளில் ஒன்றாவது கறையில்லாமல் இருந்ததில்லை.

இந்த வண்டியின் பிறப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1956-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில், ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் முதல் கார்ட்டைச் செய்தார். பந்தய மோட்டார்கள் கட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அவர். புல் வெட்டும் யந்திரத்துக்கென்று செய்யப்பட்டு மிச்சமாய்ப் போன சிறிய என்ஜினை எடுத்துக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தினார். வேண்டாமென்று ஒதுக்கிய பொருளில் பிறந்த இந்த விளையாட்டு சில வருஷங்களில் உலகெங்கும் பரவிவிட்டது. பிரேசில் தேசத்து அயர்ட்டன் சென்னாவும், ஜெர்மனியின் மைக்கேல் ஷூமாக்கரும் கார்ட் ஓட்டித்தான் பந்தயத் தொழிலைக் கற்றார்கள்.

நம் நாட்டில் இதற்குத் தாய்வீடு என்று கோயமுத்தூரைச் சொல்லலாம். அந்த ஊர்க் கரிவரதன் சொந்தமாகப் பந்தய வண்டிகளைக் கட்டி, மாருதி காரின் யந்திரத்தை அவற்றில் பொருத்தி, சாதாரண இளைஞர்களும் பந்தயத்தில் இறங்க வழி செய்தார். 1995-ல் விமான விபத்தொன்றில் அவர் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த பந்தயப் பாதை செட்டிபாளையத்தில் இருக்கிறது. கோயமுத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-ல் 'பார்முலா ஒன்' பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். இதற்கெல்லாம் வெகு காலத்துக்கு முன்பே அதே கொங்கு நாட்டு ஜி. டி. நாயுடு, சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை ஆணி ஆணியாகக் கழற்றி மறுபடியும் பூட்டித் தொழில் கற்றார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விடத் தொடங்கியவர் அவரே. ஆகவே கழற்றிப் பார்ப்பது நம்மவர்களுக்குப் புதிய வித்தையல்ல என்று தைரியம் சொல்லிக்கொண்டு வேலையை ஆரம்பித்தோம்.

முதலில் யந்திரம். அது பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரின் யந்திரம். உதைத்துப் பார்த்ததில் அசையவேயில்லை. இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஏறி மிதித்தால் அசைந்துவிடும் என்று மிதித்து, பிஸ்டன் வளையத்தை உடைத்துக்கொள்கிறார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தின் வழியாக மண்ணெண்ணெயும் என்ஜின் எண்ணெயும் கலந்து ஊற்றி, ஒரு வாரம் அப்படியே விட்டோம். தினந்தோறும் காலையில் நம் மகள் காற்றாடிச் சக்கரத்தைக் கையால் மெல்ல அசைத்துப் பார்ப்பாள். எட்டாம் நாள் அது ஒரு விரற்கடை நகர்ந்தது. அன்று வீட்டில் பாயசம்.

பிறகு கார்புரேட்டர். பல வருஷத்துப் பெட்ரோல் அதற்குள் அரக்காக இறுகியிருந்தது. அதன் ஜெட்டில் உள்ள துவாரம் தலைமயிர் போல நுண்ணியது. கம்பியை விட்டுக் குத்தினால் துவாரம் பெரிதாகிக் கணக்குக் கெட்டுவிடும். ஊறவைத்துக் காற்றால் ஊதித்தான் சுத்தம் செய்யவேண்டும். பெட்ரோல் டாங்கியின் துருவுக்கு நம் தாயார் வைத்தியம் சொன்னார். செம்புக் குடத்துக்குச் செய்வது போலப் புளியைக் கரைத்து ஊற்றி, கூழாங்கற்களையும் போட்டுக் குலுக்கச் சொன்னார். மூன்று நாள் ஊறிய பின் துரு கழன்றது. வெந்நீரால் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்தோம்.

கிராங்க்கின் இரு புறமும் ரப்பர் அடைப்புகள் உண்டு. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கிடந்ததில் அவை வறட்டியாகிவிட்டன. இரண்டு வீச்சு யந்திரத்தில் இந்த அடைப்பு கெட்டால், வேண்டாத வழியில் காற்று உள்ளே புகும். காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும்; பிஸ்டன் மறுபடியும் இறுகிப்போகும். மதுரையில் பழைய ஸ்கூட்டர் உதிரிபாகம் விற்கும் கடையில் புதிய அடைப்புகள் கிடைத்தன. காந்தப்பெட்டியின் தொடுமுனைகளைத் தேய்த்து, இடைவெளியை 0.3-க்கும் 0.5 மில்லிமீட்டருக்கும் நடுவே வைத்தோம். லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய் கலந்து ஊற்றி உதைத்ததில், ஏழாம் உதைக்கு யந்திரம் இருமிற்று. ஒன்பதாம் உதைக்குப் பேசிற்று. வீடெங்கும் நீலப் புகை. எதிர் வீட்டார் ஓடி வந்து விசாரித்தார்கள்.

"நாளைக்கே ஓட்டலாமா?" என்று மகள் கேட்டாள். ஓட்டலாம் என்றுதான் நாமும் நினைத்தோம். அப்போது தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த நம் தாயார் கேட்டார்: "ஏத்தா, அந்தச் சங்கிலி உன் முதுகுக்குப் பின்னாலேதானே ஓடுது? உன் சடையை எங்கே வைப்பே?"

நமக்குச் சுருக்கென்றது. யந்திரத்திலிருந்து பின் அச்சுக்குப் போகும் சங்கிலிக்கு மூடியே கிடையாது. ஆசனத்துக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம்கூட இல்லை. 2018-ல் ஹரியானாவில் பிஞ்ஜோரிலும், 2020-ல் ஹைதராபாத் அருகிலும், உல்லாசமாகக் கார்ட் ஓட்டச் சென்ற இளம் பெண்கள் சக்கரத்தில் கூந்தல் சிக்கி உயிர் இழந்த செய்திகளைப் பத்திரிகையில் படித்து உச்சுக்கொட்டியவர்கள்தாம் நாமும். படித்தது வேறு, நம் வீட்டுப் பின்கட்டில் நிற்பது வேறு என்று எண்ணிவிட்டோம் போலும்! மோட்டாரைப் பற்றி ஒன்றும் அறியாத எழுபத்தெட்டு வயதுக் கிழவிக்குத் தோன்றியது, இரண்டு மாதம் அதனோடு புரண்ட நமக்குத் தோன்றவில்லை.

அன்று இரவே, யந்திரத்தை மறந்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பது என்று தீர்மானித்தோம்.

கார்ட்டின் சட்டத்தைப் பற்றி நேயர்கள் ஒரு விஷயம் அறியவேண்டும். நம் மாட்டு வண்டியில் அச்சு நிற்கும். சக்கரங்கள் தனித்தனியே சுற்றும். வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓடினாலும் சங்கடமில்லை. காரில் இதற்கென்று பல்லிணைப் பெட்டி ஒன்று உண்டு. கார்ட்டில் இரண்டுமில்லை, பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டு ஒன்றாகவே சுற்றுகின்றன. ஆகையால் திரும்பும்போது உள் பக்கத்துப் பின் சக்கரம் தரையைவிட்டுச் சற்றே எழும்பவேண்டும். அதற்குச் சட்டம் முறுக்கிக்கொடுக்க வேண்டும். வில்லும் கிடையாது, அந்த வேலையையும் இரும்புக் குழாயே செய்கிறது. ஒவ்வொரு வளைவிலும் முறுங்கி நிமிரும் இரும்பு என்றைக்காவது களைத்துப்போகும்; களைத்த இடத்தில் விரிசல் விடும்.

அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது. கண்டுபிடிப்பதற்குப் பழைய பட்டறை வழி ஒன்று இருக்கிறது. குழாயின் வர்ணத்தைச் சுரண்டிவிட்டு மண்ணெண்ணெய் தடவவேண்டும். சற்றுப் பொறுத்து நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்குக்கட்டிப் பொடியைத் தூவவேண்டும். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து பொடியை நனைக்கும். பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டியைப் பொடித்து நம் மகளே தூவினாள். எல்லா இடமும் வெண்மையாக இருந்தது. பின் அச்சைத் தாங்கும் இடத்தில் மட்டும், மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு, குழாயில் பாதி சுற்றுக்கு மெதுவாக எழுந்தது.

சகோதரருக்குத் தொலைபேசியில் சொன்னோம். சற்று நேரம் அவர் பேசவில்லை.

"அண்ணே, அது எனக்குத் தெரியும்" என்றார் கடைசியில். "ஒரு நாள் வளைவிலே வண்டி ஒரு மாதிரி ஆடினது. அதோடு நிறுத்திவிட்டேன். கட்டினவன் நான், என் வேலை விட்டுப்போச்சு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. என்ஜின் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டேன். பாப்பா அதை எடுப்பாள் என்று நான் நினைக்கவேயில்லை."

நாம் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ள நமக்கு என்ன யோக்கியதை? சடையை மறந்தவர்கள் அல்லவா நாம்?

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். விரிசலின் இரு முனையிலும் சிறு துளை போட்டு, அது மேலே ஓடாமல் தடுத்து, கோட்டை வாய்க்கால் போலக் குடைந்து, அப்புறம் பற்றவைத்தார் பட்டறைக்காரர். தடித்த தகடு ஒன்றை மேலே வைத்து ஒட்டிவிடலாமே என்று நாம் சொன்னதற்கு, "வேண்டாம் அண்ணே, இங்கே கெட்டிப்படுத்தினால் பக்கத்திலே ஒடியும்" என்றார். அனுபவம் பேசிற்று.

சங்கிலிக்கும் பற்சக்கரத்துக்கும் முழு மூடி ஒன்று தகட்டில் அடித்தோம். ஆசனத்துக்குப் பின்னால் இன்னொரு தகடு. பிரேக்குக்குப் புதிய கம்பியும் புதிய கட்டையும் போட்டு, யந்திரத்தை ஓட்டாமல், இரண்டு பேர் கையால் தள்ளிக்கொண்டு ஓடி, மகள் மிதித்து நிறுத்திப் பழகினாள். நிற்கக் கற்ற பிறகுதான் ஓடக் கற்கவேண்டும் என்பது இப்போது நம் வீட்டுச் சட்டம். சுக்கான் வளையத்தில் ஒரு பொத்தான் வைத்து, அமுக்கினால் காந்தப்பெட்டி அடங்கி யந்திரம் நிற்கும்படி செய்தோம். இறுகிக் கல்லாகியிருந்த டயர்களையும் மாற்றினோம்.

ஓட்டுவது எங்கே? பதிவு பெறாத வண்டியைப் பொது வீதியில் கொண்டுபோவது சட்ட விரோதம், அபாயமுங்கூட. நம் தோட்டத்தையொட்டி உறவினர் ஒருவருடைய சிமெண்டு நெற்களம் இருக்கிறது. அறுவடை முடிந்து அது காலியாயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தலைக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டையோடு மகள் உட்கார்ந்தாள். அப்பத்தாதான் பேத்தியின் சடையைச் சுருட்டிக் கொண்டையாக்கி, ஊசி குத்தி, கவசத்துக்குள் செருகினார். துப்பட்டாவையும் தாமே வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

முதல் கியரில் மட்டும் பத்துச் சுற்று. திருப்பத்தில் உள் சக்கரம் காகிதக் கனம் எழும்பி இறங்கியதை நாம் குனிந்து பார்த்தோம். பிறகு வண்டியைத் தலைகீழாகச் சாய்த்து, பற்றவைத்த இடத்தில் மறுபடியும் சாக்குப்பொடி தூவினோம். வெள்ளையாகவே இருந்தது. இனி மாதம் ஒரு முறை இந்தச் சோதனை உண்டு. பொடி தூவாமல் சாவி கிடையாது.

பெரியாற்று அணையில் தண்ணீர் திறந்து, கம்பம் பள்ளத்தாக்கில் நடவு தொடங்கிவிட்டது. அறுவடையானால் களம் நெல்லுக்கு வேண்டும். வண்டி கொட்டகைக்குத் திரும்பிவிடும். உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் இப்படி ஏதாவது கிடக்கலாம். அவசியம் எடுத்துத் துடையுங்கள். குழந்தைகளையும் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் யந்திரம் பேசியவுடன் மயங்கிவிடாதீர்கள். வீட்டில் தூணோரம் உட்கார்ந்திருக்கும் பெரியவரை ஒரு முறை அழைத்து வந்து வண்டியைக் காட்டி, "இதில் என்ன குறை?" என்று கேளுங்கள். நம் சகோதரர் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். அவருக்கும் முதலில் கையில் கொடுக்கப்போவது சாக்குக்கட்டிதான்.