ஏ.சி. குளிராததற்குக் காரணம் உணரியா, கேஸா?

குளிர்நாட்டு வீடுகளில் தரையைச் சூடாக்கும் மின்கம்பிகளோடு புதைக்கப்படும் வெப்ப உணரியும், மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் சுவரில் தொங்கும் ஏ.சி.க்குள் இருக்கும் உணரியும் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை. வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் இயல்புடைய இவ்வுணரி ‘தெர்மிஸ்டர்’ எனப்படுகிறது. இவ்வியல்பை 1833-இல் வெள்ளி சல்பைடில் கண்டறிந்தவர் மைக்கேல் ஃபாரடே.

உள் யூனிட்டில் வழக்கமாக இரண்டு உணரிகள் உண்டு. ஒன்று, ஃபில்டருக்குப் பின்னால் இருந்து, உள்ளே இழுக்கப்படும் அறைக்காற்றின் வெப்பத்தை அளக்கிறது. மற்றொன்று, காயிலோடு ஒட்டிய சிறு செப்புக் குழலில் செருகப்பட்டு, அங்கே பனி உறைந்துவிடாதபடி காக்கிறது. 25 டிகிரி செல்சியஸில் 10 கிலோ ஓம் தடை காட்டும் வகை பரவலானது. 5, 15, 20 கிலோ ஓம் வகைகளும் புழக்கத்தில் உள்ளன.

பிசிபி எனப்படும் மின்சுற்றுப் பலகை இத்தடையைக் கொண்டே வெப்பத்தை அறிவதால், கடற்காற்றின் உப்பும் ஈரமும் படிந்து இணைப்பு முனை அரிக்கப்படும்போது கூடுகிற தடையையும் அது குளிர் என்றே எடுத்துக்கொள்கிறது. 10 கிலோ ஓம் உணரியில் ஏறத்தாழ ஒன்றரை கிலோ ஓம் கூடினாலே, 28 டிகிரியில் இருக்கும் அறை 24 டிகிரியாகத் தோன்றிவிடும்; ஏ.சி.யை 24-இல் வைத்திருந்தால், வேலை முடிந்ததெனக் கம்ப்ரசர் நின்றுவிடும். உணரி முற்றிலும் அறுந்துபோனால் பல ஏ.சி.கள் எரர் கோடு காட்டும். இப்படி மெல்லப் பிசகும் உணரிக்கு அத்தகைய அறிவிப்பு பெரும்பாலும் வராது என்பதே சிக்கல்.

அறை குளிரவில்லை என்றதும் ‘கேஸ் போய்விட்டது’ என்று முடிவுகட்டுவது சரியன்று. மூடிய குழாய்ச் சுற்றில் ஓடும் கேஸ், கசிவில்லாமல் குறைவதே இல்லை. கேஸ் குறைந்திருந்தால் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தும் காற்று போதிய அளவு குளிராது; உணரி பிசகியிருந்தால், ஓடும்வரை காற்று நன்றாகவே குளிர்ந்து, கம்ப்ரசர் மட்டும் முன்கூட்டியே நின்றுவிடும்.

சோதிக்கும் முறை எளிது: மெயினை அணைத்து, உணரியின் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்துத் தடையை அளக்க வேண்டும். உணரியை விரல்களுக்கிடையே பிடித்தால் எண் சீராக இறங்க வேண்டும். இறங்காமல் நின்றாலோ, தாவித் தாவி மாறினாலோ உணரியில் பழுது எனலாம். எண் சரியாக இருந்தும் குறை தீராவிட்டால், கனெக்டரின் முனைகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். ஏ.சி.க்குள் கை வைப்பதை மின்பணி அறிந்தவரிடமே விட்டுவிட வேண்டும்; ஆயினும் கேஸ் நிரப்பப் பணம் கொடுக்குமுன், உணரியின் தடையை அளந்து காட்டும்படி வாசகர்கள் அவரிடம் தயங்காமல் கேட்க வேண்டும்.