வாடகைக் குடியும் காலி நோட்டீசும்

விஸ்வநத்தம் பயிர்த்தொழிலை மட்டும் நம்பிய கிராமமன்று. சிவகாசியை ஒட்டியிருப்பதால் அச்சு, தீப்பெட்டி, பட்டாசு ஆகிய தொழில்களை நாடிவந்து வாடகைக்குக் குடியிருப்போர் இங்குப் பலர். சங்கக் கணக்குகளைப் பரிசோதிக்கச் செல்லுங்கால், கடன் விஷயம் பேசி முடிந்ததும் அங்கத்தினர்கள் மெல்லக் கேட்பது பெரும்பாலும் வீட்டு விஷயமே. அண்மையில் ஓர் அங்கத்தினர், "மாதக் கடைசிக்குள் காலி செய்யென்று வீட்டுக்காரர் வாயால் சொல்லிவிட்டார் ஐயா, தீபாவளி வேலை நெருக்கத்தில் பிள்ளைகளோடு எங்கே போவேன்?" என்றார். வாய்ச்சொல் நோட்டீசு ஆகாது என்பது அவருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது.

முதலில் வீடு எந்த எல்லையிலுள்ளது என்று பார்த்தல் வேண்டும். நகரப் பகுதிகளுக்கென 2017-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலிலுள்ளது; அதன்கீழ் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் அவசியம். 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அத்துடன் நீங்கிற்று. கிராம ஊராட்சி எல்லையிலுள்ள வீட்டுக்கோ 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே ஆதாரம். சிவகாசி 2021-இல் மாநகராட்சியாயிற்று. எல்லை விரியுமிடத்துச் சட்டமும் மாறும் என்பதை நினைவிற் கொள்க.

ஷை 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, குடியிருப்பு வாடகை மாதவாரியானது; அதை முடிக்கப் பதினைந்து நாள் நோட்டீசு வேண்டும். விவசாயத்துக்கோ உற்பத்தித் தொழிலுக்கோ விட்ட இடமாயின் ஆறு மாதம். அச்சு இயந்திரம் வைக்க இடம் பிடிப்போர் இவ்வாறு மாத ஷரத்தை நம்பி ஏமாறுவதுண்டு. வருஷவாரிக் குத்தகைக்குப் பதிவுசெய்த பத்திரம் வேண்டும் என்றும், அஃதில்லாவிடில் தொழிற்கூடமாயினும் மாதவாரியாகவே கொள்ளப்படும் என்றும் 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பத்திரச் செலவுக்கு அஞ்சியவர் ஆறு மாதத்தை இழக்கிறார்.

நோட்டீசு எழுத்தில், கையொப்பத்துடன் இருத்தல் வேண்டும். தபாலில் அனுப்பலாம், நேரிலோ, குடியிருப்பவர் வீட்டார் ஒருவரிடமோ கொடுக்கலாம், இவை இயலாவிடில் கட்டடத்தின் கண்ணிற்படும் இடத்தில் ஒட்டலாம். 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், கெடு நோட்டீசு கிடைத்த தேதியிலிருந்து கணக்கிடப்படுகிறது. காலி செய்ய எண்ணும் குடியிருப்பவரும் இதே கெடுவைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். முன்பணத் தகராறுகள் பல இதை மறந்ததால் விளைந்தவையே.

கெடு முடிந்ததும் வீட்டுக்காரர் தாமே பூட்டுப் போட்டுவிடலாமென்பது தவறான எண்ணம். அவர் நீதிமன்றம் செல்லல் வேண்டும். சட்ட முறையின்றி வெளியேற்றப்பட்டவர், 1963-ஆம் ஆண்டின் குறித்த பரிகாரச் சட்டம் 6-ஆம் பிரிவின் கீழ், ஆறு மாதத்துக்குள் வழக்கிட்டு மீண்டும் குடிபுகலாம். கெடு கழிந்தபின் சேர்ந்த வாடகையை வீட்டுக்காரர் பெற்றுக்கொண்டால், நோட்டீசைக் கைவிட்டதாகக் கருதப்படவும் இடமுண்டு. ஆதலின் ரசீது இரு தரத்தாருக்கும் முக்கியம். ரசீது கொடுக்க மறுப்பவருக்கு வாடகையைப் பாங்கி மூலம் செலுத்துவது நலம். ரொக்கமாகக் கொடுத்துவிட்டுச் சாட்சி தேடுவோரை நாம் நிறையக் கண்டிருக்கிறோம்.

பதினைந்து நாளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு வேறு வீடு கிடைக்குமா? கிடைப்பதரிது என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் "வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து" என்று சட்டமே சொல்வதால், குடிபுகும்போதே இரண்டு மாதக் கெடு என்று எழுதிக்கொள்வதற்குத் தடையில்லை. முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும், மின்கட்டணம் யார் பொறுப்பு என்பவற்றையும் அதே தாளிற் சேர்த்து, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்க.

மேற்சொன்ன அங்கத்தினர் இவ்விஷயத்தை வீட்டுக்காரரிடம் பணிவாக எடுத்துரைத்தார். தீபாவளி கழித்துப் பத்தாம் நாள் காலி செய்வதென்றும், அன்றே முன்பணம் திருப்பப்படுமென்றும் ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டனர். சங்கக் குமாஸ்தா சாட்சிக் கையெழுத்திட்டார்.