டாக்டரிடம் மறைக்கக் கூடாத விஷயம்

நாள் தள்ளிப்போய், சோதனை அட்டையில் இரண்டு கோடு விழும்போது கரு உண்டாகி ஏறக்குறைய 2 வாரம் ஆகியிருக்கும். மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிவிடும். பெரும்பாலான உறுப்புகள் 8 வாரத்துக்குள் உருப்பெற்றுவிடும். "தெரியாமல் குடித்துவிட்டேனே, கலைத்துவிடலாமா?" என்ற பதற்றம் இந்த இடைவெளியில்தான் வருகிறது. தெரியாத நாட்களில் ஓரிரு முறை குடித்ததற்காக மட்டும் கலைக்க வேண்டியதில்லை. தெரிந்த அன்றே நிறுத்துவதுதான் முக்கியம். எந்தப் பழக்கமும் இல்லாதவர்களுக்கும் குறையோடு குழந்தை பிறப்பதுண்டு. பொதுவாகவே 100 குழந்தைகளில் சுமார் 3 பேருக்குப் பிறவிக் குறை இருக்கிறது.

கஞ்சாவை நினைத்து நடுங்குகிறவர்கள் பீரைக் கண்டுகொள்வதில்லை. கருவைப் பொறுத்தவரை மதுதான் பெரிய வில்லன். மது கருவைப் பாதிக்கும் விதத்துக்கு 1973-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள் ஜோன்ஸும் ஸ்மித்தும் ஒரு பெயர் வைத்தார்கள். அதன் அடையாளங்கள்: மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே பள்ளம் மழுங்கிய முகம், சிறிய கண்கள். முகம் இயல்பாக இருந்தும் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் இன்னும் அதிகம். பள்ளிக்குப் போன பிறகுதான் கவனமின்மையும் கணக்கு வராததும் தெரியவரும். 18–20 வார ஸ்கேனில் இது பெரும்பாலும் பிடிபடாது. கொஞ்சம் குடித்தால் பரவாயில்லை என்று சொல்லும் அளவு எதுவும் கிடையாது.

கஞ்சா "மூலிகைதானே" என்பது வெறும் சமாதானம். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகும். எடை குறையும், குறைமாதப் பிரசவ வாய்ப்பு கூடும். வாயில் அடக்கும் ஹான்ஸ் போன்ற புகையிலையும் எடையைக் குறைக்கும். கொக்கைன் நஞ்சுக்கொடியையே பிய்த்துவிடக்கூடும்.

போதைக்காக வலி மாத்திரை எடுப்பவர்கள், தினமும் நிறையக் குடிப்பவர்கள் மட்டும் "இன்றோடு விட்டேன்" என்று தாமாகச் சட்டென நிறுத்தக் கூடாது. முன்னதில் கருவுக்கே ஆபத்து. பின்னதில் தாய்க்கு வலிப்பு வரலாம். அபின் வகை மாத்திரைக்கு அடிமையான கர்ப்பிணிகளுக்கு மெத்தடோன், பியூப்ரெனார்ஃபின் போன்ற மாற்று மருந்துகளை மருத்துவர்கள் கண்காணித்துத் தருவார்கள். முன்கூட்டியே சொல்லியிருந்தால், பிறந்த குழந்தைக்கு வரும் நடுக்கத்தையும் ஓயாத அழுகையையும் சமாளிக்க வார்டு தயாராக இருக்கும்.

இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லத் தடையாக இருப்பது பெரும்பாலும் பயம்தான்: போலீஸ் வருமோ, மாமியாருக்குத் தெரியுமோ என்று. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, தாமே முன்வந்து அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சை எடுப்பவரைப் பயன்பாட்டுக் குற்ற வழக்கிலிருந்து காக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். சிறிய அளவுக்கு மேற்பட்ட வழக்குகளுக்கு அது பொருந்தாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்பையும் நோயாகவே பார்க்கிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. மனநலச் சிகிச்சை மையத்தில் தங்கிச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து 3 வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது.

பரிசோதனை அறையில் வீட்டார் இருந்தால், "கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லுங்கள்" என்று நர்ஸிடம் கேட்கலாம். அதற்கும் தயக்கமென்றால் போதை மீட்பு உதவி எண் 14446-ஐ அழைக்கலாம், கட்டணம் கிடையாது. குழந்தைக்குக் குறை தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் இலவசமாகப் பரிசோதித்துப் பயிற்சி தருகிறார்கள். எவ்வளவு சின்ன வயதில் அழைத்துப் போகிறோமோ அவ்வளவு பலன்.